இன்னும் பத்து காப்பி

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு மேலே,
படியேறி மூச்சு வாங்கும் இடத்தில்
என் ஜெராக்ஸ் கடை.
கல்யாணப் பத்திரிகைக்கு எல்லோரும்
மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறார்கள்.
தொலைந்ததற்குத்தான் என்னிடம் வருவது.

'தக்க சன்மானம் வழங்கப்படும்'
என்று போடச் சொல்வார்கள்.
தக்க என்றால் எவ்வளவு என்று கேட்டால்
தகரக் கூரையைப் பார்ப்பார்கள்.

கண்டெடுத்தவர்களும் இங்கேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்,
போலீஸ் ஸ்டேஷன் இன்னும் ஒரு ஏற்றம் என்பதால்.
மிஷினுக்குக் கீழே அதற்கென்று ஒரு டிராயர்:
இடதுகைக் கம்பளி உறை ஒன்று,
ஞானதீபம் என்பவரின் ரேஷன் கார்டு,
மினிபஸ் சீட்டுக்கடியில் கிடந்த
மேல்வரிசைப் பல்செட்டு.
கீழ்வரிசை எந்த வீட்டிலோ
தனியாக மென்றுகொண்டிருக்கிறது.

போன புதன்கிழமை போஜன் வந்தார்.
இலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட்,
புருவமெல்லாம் தேயிலைத் தூள்.
போனில் நாயின் படம் காட்டினார்.
வெளிச்சம் பட்டு இரண்டு கண்ணும்
பச்சையாய் எரிந்தன.

பெயர்?
போண்டா.
அடையாளம்?
பழுப்பு. முன்னங்கால் ஒன்று வெள்ளை.
சிவப்புப் பட்டை, அதில் பித்தளை மணி,
ஹெத்தையம்மன் பண்டிகைக் கடையில் வாங்கினது.
'மிகவும் சாது'ன்னு போடுங்க அக்கா.
காணாமல் போன இடம்?
வீட்டு வாசல்.
நேரம்?
நான் ஷிப்ட்டுல இருந்தேன். பனி வேற.

மார்கழிப் பனியில் ஒரு நாய் வாசலிலிருந்து போனால்
எங்கே போயிருக்கும் என்று
இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.
அதன் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை.
'இறங்கியிருக்கு' என்றால் போதும்,
கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொள்ளும்.
நோட்டீஸில் அந்தச் சொல்லுக்கு
நானும் இடம் விடவில்லை.
அவரும் கேட்கவில்லை.

டீக்கடை, மருந்துக்கடை, ஜான்ஸ்டன் முக்கு,
கட்டபெட்டு போகும் மினிபஸ்ஸின் முதுகு.
மைதாப் பசை காயுமுன் பனி நனைத்தது.
மூன்றாம் நாள் போண்டாவின் முகம் கரைந்து
போன் நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை புஷ்பராணி வந்தாள்,
இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டியபடியே,
கொழுந்து பறிக்கிற நேரத்தை விட்டு.
கைக்குட்டையில் சுருட்டியதை மேஜையில் வைத்தாள்.
"ஒம்பதாம் நம்பர் காட்டுல,
சில்வர் ஓக் அடியில கிடந்துச்சு.
வேற ஒண்ணும் இல்ல."
படியிறங்கும்போது திரும்பி, மறுபடியும்,
"வேற ஒண்ணும் இல்லக்கா."
இரண்டாவது தடவை சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மணிக்குள் மண் அடைத்திருந்தது.
குண்டூசியால் குடைந்தேன்.
ஏன் குடைந்தேன்.
குலுங்கியது.

இன்றைக்குக் காலையில் மறுபடி போஜன்.
பழைய நோட்டீஸின் அடியில்
பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்:
'மணிச் சத்தம் கேட்டால்கூடப் போன் செய்யவும்.'
இன்னும் பத்து காப்பி அக்கா.

என் மிஷின் பழசு.
ஒவ்வொரு தாளுக்கும் மேஜை அதிரும்,
மேஜை அதிர்ந்தால் டிராயர் அதிரும்.
முழங்காலால் அதை அழுத்திக்கொண்டேன்.
ஒன்று. இரண்டு.
அவர் வெளியே ரோட்டைப் பார்த்து நின்றார்,
எந்த நாய் போனாலும் கழுத்து திரும்பியது.
ஏழு. எட்டு.

"யாராச்சும் எதாச்சும் கொண்டுவந்தாங்களா?"

"ஒரு பல்செட்டு வந்திருக்கு" என்றேன்.
சிரித்தார்.
ஒரு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பாக இருக்கும்,
கன்னத்தில் சரியாக உட்காரவில்லை.

இருபது ரூபாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் தெரிந்துவிடும்.

பசை டப்பாவோடு அவர் படியிறங்கிப்
பனிக்குள் பாதி உடம்பு மறைந்தபின்
மிஷினை நிறுத்தினேன்.
முழங்காலை மட்டும்
இன்னும் எடுக்கவில்லை.